ஆலையும் ஊரும்: வாழைச்சேனை பற்றிய ஒரு விசாரணை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, வாவியின் வடகோடியை அடுத்துள்ள ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து, பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலையையும் முருகன் கோயிலாற் பெயர்பெற்ற சித்தாண்டியையும் கிரானையும் பின்னே விட்டு, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம் சென்றதும், ஒரு புறம் கடலும் மறுபுறம் உவர்நீர் வாவியும் அணைந்து கிடக்க, அவற்றின் நடுவே வாழைச்சேனை என்னும் சிற்றூர் தோன்றுகின்றது. கோறளைப்பற்றின் தலையூர் அது. ஓட்டமாவடிப் பாலத்தின் இருமருங்கிலும் தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்துவரும் அப்பிரதேசத்தில், வெளியூரார் பலர் பாசிக்குடாக் கடலையும் கல்குடாவையும் மட்டுமே தேடி வருவர். ஆயினும் ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய எவரிடத்திலேனும் வாழைச்சேனை என்று சொன்ன மாத்திரத்தில், அவர் நினைவில் முதலில் எழுவது கடலன்று, கடதாசி ஆலையே. ஊரார் வாயில் இன்றும் அது "பேப்பர் பக்டரி" என்றே வழங்குகின்றது.

ஒரு தொழிலை நம்பி ஓர் ஊர் வளர்வதும், அத்தொழில் தளர்ந்தபின் அவ்வூர் தன் பழம்பெயரை மட்டும் சுமந்து நிற்பதும் உலகெங்கும் காணப்படும் நிகழ்ச்சிகள். அமெரிக்க மலைநாட்டு நிலக்கரிச் சிற்றூர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாழைச்சேனையே கண்முன் வந்து நிற்கின்றது. அங்கே தோண்டியது கரி. இங்கே அவித்தது வைக்கோல். பொருள் வேறாயினும் ஊரின் கதி ஒன்றாகவே தோன்றுகின்றது. "ஆலையை மறுபடி திறக்க முடியுமா?" என்பதே இவ்விஷயத்தில் நம்மவர் பெரும்பாலும் கேட்கும் வினா. தேர்தல் வரும்போது அவ்வினா பலமாக எழும். தேர்தல் முடிந்ததும் அடங்கும். அதனினும் முந்திக் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. ஒரு தொழில் தான் வேரூன்றிய ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கின்றது, அக்கடனை எப்பொழுது இறுக்க வேண்டும் என்பதே அது. இக்கட்டுரை அதனை ஆராய்வதற்கே எழுந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலே, ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி ஆகியவற்றுக்கு அமைச்சராகி, 1953 வரை அப்பதவியில் இருந்தார். அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் அபிப்பிராய பேதம் இருக்கலாம். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. ஆனால் காங்கேசன்துறையிற் சீமெந்தும், பரந்தனில் இரசாயனமும், வாழைச்சேனையிற் காகிதமுமாக மூன்று பெருந்தொழில்கள் வடக்கிலும் கிழக்கிலும் கால்கொண்டமைக்கு அவர் காலத்து முயற்சியே அடிப்படை என்பதை எவரும் மறுப்பதில்லை. இம்மூன்றனுள் பரந்தனையும் வாழைச்சேனையையும் பிணைக்கும் தொடர்பு சிந்தனைக்குரியது. ஆனையிறவில் வெயிலில் விளைந்த உப்பு பரந்தனுக்குப் போகும். அங்கே மின்சாரத்தாற் பிரிக்கப்பட்டு எரிசோடாவாகவும் குளோரீனாகவும் மாறும். எரிசோடாவோ காகிதத்திற்கும் சவர்க்காரத்திற்கும் இன்றியமையாத பொருள். வன்னியின் உப்பும் மட்டக்களப்பின் வைக்கோலும் சேர்ந்து பள்ளிப்பிள்ளையின் கொப்பியாவது என்ற இக்கற்பனையிலே, ஒரு தேசம் தன் காலில் நிற்க வேண்டுமென்னும் ஆசை தெளிவாகத் தெரிகின்றது. அந்த ஆசையை நான் இன்றும் மதிக்கின்றேன்.

ஆலை 1956 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான். தமிழ்ப் பேசும் மக்களின் மொழியைக் கச்சேரியினின்றும் நீதிமன்றத்தினின்றும் விலக்கத் துணிந்த ஆண்டிலேயே, அம்மக்களின் நடுவே காகிதம் செய்யும் யந்திரமும் சுழலத் தொடங்கிற்று என்பது விதியின் விசித்திரமான இணைப்பு. கண்ணகி வழக்குரையையும் வைத்திய வாகடங்களையும் தலைமுறை தலைமுறையாக ஓலை ஏட்டிலே எழுதிப் படியெடுத்துக் காத்துவந்த ஒரு பிரதேசத்திற்குக் காகித ஆலை வாய்த்ததிலும் ஒரு பொருத்தம் உண்டு. விபுலாநந்த அடிகள் 1947 இல் மறைந்தார். இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்திருப்பாராயின், யாழ் நூலை எழுதிய அக்கைகள் மட்டக்களப்பிலே பிறந்த தாளொன்றைத் தொட்டுப் பார்த்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

இனி வைக்கோலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆலையின் பெருமையும் குறையும் இரண்டும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. படுவான்கரை வட்டைகளிலே வேளாண்மை வெட்டிக் கட்டிய கதிர்க்கட்டுகளைச் சூடாக வைத்து, களவெட்டியில் எருமையையோ மாட்டையோ விட்டு மிதிப்பித்து, நெல்லைப் பொலியென்று பெயர்சொல்லித் தூற்றியெடுத்த பின்பு, எஞ்சிக் கிடப்பது வைக்கோல். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது வைக்கல். நெல் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு எடை வைக்கோலும் விளையும். வயலுடைய போடியாருக்கு நெல் கணக்கில் இருந்தது. வைக்கோல் கணக்கில் இருந்ததில்லை. மாட்டுக்குப் போட்டது போக, கூரைக்கு வேய்ந்தது போக, மற்றது மழையில் மக்கும், அல்லது நெருப்புக்கு இரையாகும். இப்படி விலையின்றிக் கிடந்த பொருளுக்கு விலை கொடுத்தது கடதாசி ஆலை. மட்டக்களப்பு, பொலன்னறுவை வயற்பரப்புகளின் வைக்கோலும், காடழித்த மேட்டுநிலங்களிலே தானாக மண்டும் இலுக்குப் புல்லும் அதன் மூலப்பொருள்களாயின. வெட்டுக்காலம் முடிந்ததும் வேலையற்றிருந்த கைகளுக்கு, கட்டுவதும் ஏற்றுவதும் அடுக்குவதுமாகப் புதிய வேலை பிறந்தது. ஆலைவாயிலுக்குள் ஒரு நாளும் நுழையாத பல குடும்பங்கள் ஆலையால் ஜீவித்தன என்பதை, தொழிலாளர் பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்து ஊரின் இலாபநட்டத்தைக் கணிப்பவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வைக்கோல் காகிதமாகும் விதம் இது. வைக்கோலை நறுக்கித் தூசி நீக்கி, பெரிய கொதிகலனிலே எரிசோடாக் கரைசலுடன் நீராவியின் அமுக்கத்தில் அவித்தால், நாரைப் பிணைத்திருக்கும் பசைப்பொருள் கரைந்து, நார் மட்டும் கூழாகப் பிரியும். அக்கூழைக் கழுவி, வெளுத்து, அரைத்து, நீரிலே பெரிதும் ஐதாக்கி, ஓடிக்கொண்டேயிருக்கும் கம்பிவலையின் மேல் ஊற்றினால், நீர் வடிந்து ஈரத்தாள் ஒன்று உருவாகும். அது அழுத்துருளைகளுக்கிடையிலும், நீராவியாற் சூடேறிய பெரும் உருளைகளின் மீதும் ஓடி உலர்ந்து, மறுமுனையிலே சுருளாகும். இவ்வேலை இரவுபகல் நில்லாமல் நடக்க வேண்டும். ஆகவே தொழிலாளர் முறைவேலைக்கு வந்தனர். ஆலையின் ஊதலொலியே அயலூர்களுக்குக் கடிகாரமாயிற்று. மாதச் சம்பளம் என்பதே அரிதாயிருந்த ஒரு கரையோரத்தில், விளைச்சலையோ மீன்பாட்டையோ நம்பாத வருமானம் முதன்முறையாக வந்தது. சம்பளம் வந்த இடத்திற் கடைகள் வந்தன. கடைகள் வந்த இடத்திற் பஸ் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயினர். தமிழரும் முஸ்லிம்களும், தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களவரும் ஒரே யந்திரத்தின் அருகே நின்று வேலை செய்தனர். நாங்கள் சிறுபராயத்தில் எழுதிய கொப்பிகளிற் சில பழுப்பு நிறமாய், இடையிடையே வைக்கோற் துணுக்கு ஒட்டியவையாய் இருந்ததும், பேனை முனையில் அது தடக்கியபோது ஆசிரியர் "அது நம்மட வயல் வைக்கல் தான்" என்று சொன்னதும் இன்றும் என் நினைவில் உள்ளன.

ஆயினும் பிறப்பிலேயே அவ்வாலை ஒரு நோயைக் கொண்டிருந்தது. மரத்திலே மணற்சத்தாகிய சிலிக்கா நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நெல் வைக்கோலிலோ அது நூற்றுக்குப் பத்துக்கு மேலும் செல்லும். மரக்கூழ் செய்யும் ஆலைகளிலே, அவித்தபின் எஞ்சும் கரிய நீரை வற்றவைத்து எரித்து, அதிலுள்ள சோடாவை மீட்டு மறுபடி உபயோகிப்பர். செலவும் குறையும், கழிவும் குறையும். வைக்கோலின் கரிய நீரை அவ்வாறு வற்றவைக்கப் புகுந்தால் சிலிக்கா கல்லைப்போலக் குழாய்களிற் படிந்து அடைத்துவிடும். ஆகவே விலைகொடுத்து வாங்கிய சோடா ஒவ்வொரு முறையும் கழிவோடு கழிவாக வெளியேறிற்று. அது சென்ற இடம் வாழைச்சேனை வாவி. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் கண்டலடி நீரிலே, ஆலையின் கரிய நீர் கலந்தது. சம்பளம் பெற்ற குடும்பத்துக்கு ஆலை அன்னை. வீச்சுவலையோடு தோணியில் நின்ற குடும்பத்துக்கோ வேறு கதை. ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில், சில வேளை ஒரே வீட்டில், இவ்விரு கதைகளும் இருந்தன. ஆலையைப் புகழ்ந்து பேசும்போது இரண்டாவது கதையை விட்டுவிடுவது நியாயமாகாது.

மற்றொரு குறை பருவத்தைச் சார்ந்தது. வைக்கோல் வெட்டுக்காலத்தில் மட்டும் கிடைப்பது. யந்திரமோ ஆண்டு முழுவதும் உண்பது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் எங்கள் மாரியிலே குவித்துவைத்த வைக்கோல் நனைந்தாற் கெட்டுப்போகும். பிற்காலத்திலே வயலிலேயே வெட்டிச் சூடடிக்கும் பெரிய யந்திரங்கள் வந்தபின், களவெட்டியில் ஓரிடமாய்க் குவிந்த வைக்கோல் வயலெங்கும் சிதறுண்டு போயிற்று. அதைத் திரட்டும் கூலியே அதன் விலையை விஞ்சும் நிலை பிறந்தது.

இவற்றோடு காலத்தின் அடிகளும் சேர்ந்தன. 1977 இல் நாட்டின் பொருளாதாரக் கதவு திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மரக்கூழாற் செய்த வெண்மையான தாள் கப்பலில் வந்து இறங்கியது. அதுவரை இறக்குமதித் தடை என்னும் வேலிக்குள் வளர்ந்த ஆலை திடீரென வெளியிலே நிற்க நேர்ந்தது. 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பை அழித்த சூறாவளியை இங்குள்ள எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அதன்பின் போர். 1983 முதல் 2009 வரை நீண்ட அக்காலத்திலே, வைக்கோல் ஏற்றிய லொறி எந்தத் தடையரணைத் தாண்டும், எதனைத் தாண்டாது என்று எவரும் சொல்ல முடியாதிருந்தது. வேலைக்குப் போனவன் மாலையில் வீடு திரும்புவானா என்பதே கேள்வியாயிருந்த ஊரில், யந்திரத்தின் நலம் இரண்டாம் பட்சமாயிற்று. காங்கேசன்துறைச் சீமெந்தாலை 1990 இல் நின்றது. பரந்தனும் போரில் அழிந்தது. மூன்று தொழில்களில் வாழைச்சேனை மட்டும் தளர்ந்து தளர்ந்து, நின்று நின்று, கழிவுத்தாளைக் கரைத்துத் தாள் செய்யும் சிறிய ஆலையாகச் சுருங்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. போருக்குப் பின்னரும் அது மூடப்படுவதும், மறுபடி இயக்க முயற்சிகள் நடப்பதுமாகவே காலம் கழிகின்றது.

போர் ஒன்றையே காரணம் சொல்வோரோடு நான் முழுவதும் உடன்படுவதில்லை. 1970களின் பிற்பகுதியிலே தென்னிலங்கையில் எம்பிலிப்பிட்டியவில் வேறொரு காகித ஆலை கட்டப்பட்டது. அங்கே போர் நடக்கவில்லை. அதுவும் வைக்கோலை நம்பியது, அதுவும் தளர்ந்தது. ஆகவே நோய் இரண்டுக்கும் பொதுவானது. வாழைச்சேனைக்குப் போர் மேலதிகமாக வந்த இடி. இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளாமல் வகுக்கப்படும் எந்தத் திட்டமும் பழைய வழியிலேயே போய் விழும்.

2022 மார்ச் மாதத்தை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணி வற்றிய அந்நாள்களிலே, தாளும் மையும் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் தங்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தன் தேவைக்குத் தானே தாள் செய்ய வேண்டுமென்று துணிந்த ஒரு தேசத்திலே, பிள்ளைகள் பரீட்சை எழுதத் தாளில்லை என்ற செய்தியைப் படித்த அன்று, வாழைச்சேனையைப் பற்றி நினைக்காதவர் கிழக்கில் இருந்திருக்க மாட்டார்.

இனி வெளிநாட்டுக்குச் செல்வோம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் தென்கோடியில் மக்டவல் என்னும் மாவட்டம் இருக்கின்றது. அங்குள்ள மலைகளின் நிலக்கரி உருக்காலைகளுக்கு உகந்ததென்று உலகப் புகழ் பெற்றது. கம்பனியே ஊரைக் கட்டியது. வீடு கம்பனிக்குச் சொந்தம், கடை கம்பனிக்குச் சொந்தம். பலவிடங்களிலே சம்பளத்தையும் கம்பனிக் கடையில் மட்டும் செல்லத்தக்க கம்பனிக் காசாகவே கொடுத்தனர். எங்கள் மலைநாட்டு லயன் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தொழிற்சங்கத்திற் சேர்ந்தவன் வேலையை மட்டுமன்றிக் கூரையையும் இழந்தான். 1920 இல் அயல் மாவட்டத்து மேற்வன் என்ற சிற்றூரில், அவ்வாறு குடும்பங்களை வெளியேற்ற வந்தவர்களுக்கும் ஊராருக்கும் இடையே துப்பாக்கிச் சண்டையே மூண்டது. மக்டவல் மாவட்டத்தில் 1950 இல் 98,887 பேர் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எஞ்சியவர் 19,111 பேர். கரி தீர்ந்துபோனதனால் மட்டும் இது நிகழவில்லை. நிலத்தடியிலே பலருடைய வேலையைச் செய்யும் யந்திரம் வந்தது. எண்ணெயும் எரிவாயுவும் கரியின் இடத்தைப் பிடித்தன. மலையிலே கரி இருக்க, ஊரிலே மனிதர் இல்லாமற் போயினர். உணவு முத்திரைத் திட்டம் 1961 இல் மறுபடி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டபோது, முதல் முத்திரை வழங்கப்பட்டது இம்மாவட்டத்திலேதான். நாட்டின் உலைகளுக்கெல்லாம் கரி கொடுத்தவர்கள் தங்கள் அடுப்புக்கு அரசாங்கத்தை நோக்கி நின்றனர்.

ஆனால் அங்கே நடந்த ஒரு காரியம் நம்முடைய ஆழ்ந்த கவனத்திற்குரியது. 1946 இல், சுரங்கங்களை அரசாங்கம் தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்த வேளையிலே, தொழிற்சங்கத் தலைவர் ஜோன் லூவிஸ் ஓர் உடன்படிக்கையைப் பெற்றார். வெட்டியெடுக்கும் ஒவ்வொரு தொன் கரிக்கும் 5 சதம் ஒரு நலநிதிக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் அத்தொகை உயர்ந்தது. அந்நிதியிலிருந்து முதியோர்க்கு ஓய்வூதியமும் நோயாளர்க்கு வைத்தியமும் கிடைத்தன. 1956 இல், எங்கள் ஆலை இயங்கத் தொடங்கிய அதே ஆண்டில், கென்ரக்கி, வேர்ஜினியா, மேற்கு வேர்ஜினியா ஆகிய மாநிலங்களின் மலையூர்களிலே சுரங்கத் தொழிலாளர் பெயரால் 10 வைத்தியசாலைகள் திறக்கப்பட்டன. இதிலும் ஒரு பிழை நேர்ந்தது. கரி விற்பனை குறைந்தபோது தொன் ஒன்றுக்கு வந்த பணமும் குறைந்தது. வந்ததை வந்தவாறே செலவிட்டு வந்த நிதி, 1960களின் தொடக்கத்திலேயே அவ்வைத்தியசாலைகளைத் தாங்க மாட்டாமற் கைவிட நேர்ந்தது. ஆயினும் கட்டடங்களும் வைத்தியர்களும் அங்கேயே இருந்தமையால், வேறொரு பொதுச் சபை அவற்றை ஏற்று நடத்திற்று. அந்த வைத்திய அமைப்பு இன்றும் அம்மலைநாட்டில் வேலை கொடுக்கும் பெரிய ஸ்தாபனங்களுள் ஒன்று. கரி போயிற்று, கரிப்பணத்தில் எழுந்த வைத்தியசாலை நின்றது.

1977 இல், இலங்கை தன் கதவைத் திறந்த அவ்வாண்டிலேயே, அமெரிக்கப் பேரவை ஒரு சட்டத்தை இயற்றியது. மேற்பரப்பிலே வெட்டும் கரிக்குத் தொன்னுக்கு 35 சதமும், நிலத்தடியில் வெட்டும் கரிக்கு 15 சதமும் அறவிட்டு, முன்னோர் கைவிட்டுப்போன சுரங்கங்களாற் பாழான நிலத்தையும் நீரையும் சீர்செய்ய வேண்டுமென்பது அது. காலந்தாழ்ந்த சட்டம்தான். பென்சில்வேனியாவில் சென்றேலியா என்னும் ஊரின் அடியில் 1962 இல் பற்றிய கரித்தீ இன்றுவரை அணையவில்லை. 1980 இல் ஆயிரம் பேருக்குச் சற்று மேலாக இருந்த அவ்வூரில், 2020 இல் எண்ணப்பட்டவர் ஐவரே. அவ்வூர் மக்களை வேறிடம் குடியேற்ற 1984 இல் 420 இலட்சம் டொலரைப் பேரவை ஒதுக்க வேண்டியிருந்தது. முன்னரே சில சதங்களை ஒதுக்காத குற்றத்திற்குப் பின்னர் கோடிகளைக் கொட்ட நேர்கின்றது.

தமிழர் வாழ்வோடு ஒட்டிய உதாரணமும் வேண்டுமாயின், கோலார் தங்கவயலைச் சொல்லலாம். 1880 முதல் ஆங்கிலக் கம்பனியார் தோண்டிய அச்சுரங்கங்களுக்கு, வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்களே உடலுழைப்பைக் கொடுத்தன. இறுதியில் பூமிக்கடியில் 3 கிலோமீற்றருக்கும் ஆழமாக இறங்கி வேலை செய்தனர். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902 இல் முதலிற் சென்றது அச்சுரங்கத்திற்கே. 2001 பெப்ரவரி 28 இல் இந்திய அரசாங்கம் அதை மூடியது. தங்கத்தை எடுத்தபின் எஞ்சிய சயனைட் மண் குன்றுகளாய்க் கிடந்து காற்றுக்காலத்தில் தூசியாகப் பறக்க, அவ்வூர் ஆண்களும் பெண்களும் இருள் பிரியுமுன் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் சென்று இரவிலே திரும்புகின்றனர். நூற்றிருபது ஆண்டுத் தங்கத்திலிருந்து அவ்வூருக்கென்று ஒரு நிதி ஒதுக்கப்படவில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் பிறந்தது 1956 இலேயே. அது இன்னும் செழிப்பாக இயங்குகின்றது. செழிப்பான நாளிலேயே, ஊருக்குத் தாம் பட்ட கடன் என்ன என்னும் கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்வார்களாயின் நன்று.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு வாழைச்சேனைக்குத் திரும்பினால் தெரிவது என்ன? எங்கள் தொழிலாளருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி இருந்தது. அது நல்ல ஏற்பாடு; அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அது ஆளுக்குரிய சேமிப்பு. ஓய்வுபெற்றவர் ஒரு தொகையைப் பெற்று, வீட்டைத் திருத்தி, மகளுக்குச் சீதனம் கொடுத்து முடித்தபின், அதில் மீதம் இருப்பதில்லை. வைக்கோல் கட்டியவளுக்கும் லொறியில் ஏற்றியவனுக்கும் அதுவும் இல்லை; கரிய நீரால் மீன்பாடு குறைந்த தோணிக்காரனுக்கு ஒரு சதமும் இல்லை. ஊர் என்ற ஒன்றுக்கு அக்கணக்கில் இடமே வைக்கப்படவில்லை. ஆலைக்கு வருமானம் வந்த ஆண்டுகளில் அப்பணத்தின் கணக்கு கொழும்போடு முடிந்தது. நட்டம் வந்த ஆண்டுகளில் ஊருக்குக் கதவடைப்பும் சம்பள நிலுவையும் வந்தன.

"நட்டத்தில் ஓடிய ஆலை ஊருக்கு எங்ஙனம் ஒதுக்கும்?" என்று கேட்பவர் உண்டு. இலாபத்திலே பங்கு கேட்பதாயின் அவ்வாட்சேபம் பொருந்தும். அமெரிக்கச் சுரங்கத்தார் கேட்டது இலாபத்திலன்று, தொன்னிலே. இலாபநட்டக் கணக்கை எழுதுகின்ற கை எப்படியும் திருப்பி எழுதலாம். வாயிலைத் தாண்டிய தொன்னை எவரும் மறைக்க முடியாது. சோடாவுக்கு விலை கொடுக்கின்றோம், யந்திர எண்ணெய்க்கு விலை கொடுக்கின்றோம். வாவியின் நீருக்கும் ஊரின் ஆயுளுக்கும் விலை கொடுக்க மாட்டோம் என்பது என்ன கணக்கு? அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் பலவற்றிலே, அரசியற் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களை எல்லாம் சம்பளப் பட்டியலிற் சேர்க்க இடமிருந்ததென்றால், தொன்னுக்குச் சில சதம் ஒதுக்கவும் இடமிருந்திருக்கும்.

வாழைச்சேனை சென்றேலியாவைப் போல அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலமும் கடலும் அதைக் காத்தன. மீன்பிடித் துறைமுகம் இருக்கின்றது, 2009 க்குப் பின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்தன, வயல் விளைகின்றது, 2004 டிசம்பர் 26 இன் கடல்கோளையும் தாங்கிய கரையோரம் அது. இளைஞர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். விடுதிகளிலே படுக்கை விரிக்கின்றனர். ஆனால் யந்திரத்தை இயக்கவும் பழுதுபார்க்கவும் கூழின் பதத்தைக் கையால் தொட்டே அறியவும் தெரிந்த ஒரு தலைமுறையின் வித்தை, மாணாக்கரின்றி வீடுகளில் முதுமையடைந்து கொண்டிருக்கின்றது. கடலிலே தப்பிய ஊர் அவ்வித்தையை இழக்கின்றது.

ஆலையை மறுபடி முழுமையாக இயக்குவதாயின் இயக்கட்டும். நான் அதை மனமார வரவேற்பேன். கழிவுத்தாளைக் கொண்டு இயக்குவது வைக்கோலின் சிலிக்கா நோயைத் தவிர்க்கும் புத்தியுள்ள வழியே. ஆனால் மூன்று காரியங்களைக் கோறளைப்பற்று மக்கள் முதலிலேயே எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். சுத்திகரியாத ஒரு துளி நீரும் வாவிக்குள் விடப்படலாகாது. ஓய்வுபெற்ற தொழிலாளரின் அநுபவத்தையும் ஆலையின் பழைய பதிவேடுகளையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கிழக்குப் பல்கலைக்கழகம் திரட்டி வைக்க வேண்டும். வந்தாறுமூலையிலிருந்து வாழைச்சேனை தூரமில்லை. மூன்றாவதாக, விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு தொன் தாளுக்கும் இன்ன தொகை என்று நியமித்து, அதைத் திறைசேரியும் ஆலை நிருவாகமும் தொட முடியாதவாறு ஊர்ச் சபையொன்றின் பொறுப்பிலே, தமிழரும் முஸ்லிம்களும் மீனவரும் விவசாயிகளும் சமமாக அமரும் சபையின் பொறுப்பிலே, முதலைச் செலவிடாது சேர்க்க வேண்டும். அவ்வொதுக்கம் ஆலை இலாபம் காட்டும் ஆண்டு வரட்டும் என்று காத்திருக்கலாகாது. வாயிலைத் தாண்டி வெளியேறும் முதல் தொன்னோடேயே தொடங்க வேண்டும்.